நகப்பூச்சுப் பொட்டு

செப்டம்பர் 5, திங்கள்

வெறும் வயிற்றில் 148.

தினமும் எழுதி வைக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அரிசி மண்டியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூட மனம் வரவில்லை. போலீஸ் ஆயுதக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் எதைத் தொட்டாலும் எழுதியே பழகிய கை இது. வேதவல்லிக்கு இது சர்க்கரை டைரி, அவ்வளவுதான். அவள் திறந்து பார்க்க மாட்டாள். என் சர்க்கரையைவிட அவள் பார்க்கும் தொடரில் வரும் மாமியாருக்கு ஏறும் ரத்த அழுத்தம்தான் அவளுக்கு முக்கியம்.

நவம்பர் 30 எனக்கு ஓய்வு. இன்னும் எண்பத்தாறு நாள்.

இன்று பத்து மேகசின் வந்திறங்கின. பிஸ்டலின் பிடிக்குள் செருகும் வழக்கமான மேகசின் பதினேழு ரவுண்டு, அதாவது தோட்டா, கொள்ளும், வெளியே தெரியாது. இவை பிடிக்குக் கீழே அரைச் சாண் நீண்டு தொங்குகின்றன. முப்பது ரவுண்டு. ரவுடி தோல்கிடங்கு ரவியைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் புகழேந்தி தலைமையில் ஆறு பேர் கொண்ட ஸ்பெஷல் டீம் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு. எஸ்.பி. ஐயா என்னைக் கூப்பிட்டு, "தணிகாசலம், நம்பிக் கொடுக்கக்கூடியதா ஆறு பொறுக்கிக் கொடுங்க. நீங்க கை வெச்சா சரியா இருக்கும்" என்றார். சந்தோஷமாக இருந்தது. இதையெல்லாம் வீட்டில் சொன்னால் யாருக்குப் புரியும்.

செப்டம்பர் 7, புதன்

141. இரண்டு தோசை, சட்னி இல்லாமல்.

சுட்டுப் பழகும் மலையடி ரேஞ்சில் சோதனை. பத்தில் நான்கு ஒரு கம்பெனி, ஆறு வேறு கம்பெனி. அந்த நான்கும் மாப்பிள்ளைப் பளபளப்பு, ஆனால் பத்து ரவுண்டு தாண்டுவதற்குள் தோட்டா சிக்கி நின்றன. ஒதுக்கிவிட்டேன். மற்ற ஆறும் கறுப்பு பிளாஸ்டிக். ஒவ்வொன்றிலும் அறுபது ரவுண்டு போட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. அடுத்த ரவுண்டு மேலே ஏறும்போது ஒரு சின்னச் சத்தம் உண்டு. வெடிச் சத்தத்துக்குள் அதைப் பிரித்துக் கேட்கும் காது இந்த மாவட்டத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

171. ஏன் ஏறியது என்று தெரியவில்லை. சாப்பாட்டில் மாற்றம் இல்லை.

இன்ஸ்பெக்டர் கிடங்குக்கு வந்தார். மேசைமேல் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கும்போதும் அவர் மேசைமேல்தான் உட்காருவார்.

"யோவ் ஏட்டு, ஆறு டப்பாவப் பாக்க எத்தினி நாளுய்யா? பொண்ணு பாக்கப் போனியா, மேகசின் பாக்கப் போனியா?"

"ரவுண்டு நெரப்பி ஒரு வாரம் வெச்சுப் பாக்கணும் ஐயா. அப்பதான் குணம் தெரியும்."

"குணத்த நீ ரிட்டையர்டு ஆயி வூட்ல குந்திக்கினு பாரு. எனக்கு ரவி வேணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஜூன் மாதம் நடந்ததை அவர் மறந்துவிட்டார் போலும். எஸ்.பி. ஐயா முன்னால் சுட்டுக் காட்டும்போது அவருடைய பிஸ்டல் நின்றது. எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருந்தார், நிற்காமல் என்ன செய்யும். "ஆர்மரர் கவனிக்கல ஐயா" என்று என்மேல் தள்ளினார். மறுநாள் காலை அணிவகுப்பில் எனக்குத் தண்டனை: ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று. அறுபதைத் தொடும் வயதில், புதுப் பயிற்சிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்க்க. இரண்டாவது சுற்றில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்.

குணசீலன் என் மனைவியின் தம்பி. ஆயுதப்படையில்தான் அவனும், முதல் நிலைக் காவலன். வரிசையை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். "மாமா, குடிங்க மாமா." அதுவரை யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டரை நான் மன்னித்துவிட்டேன். தண்ணீரைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

செப்டம்பர் 13, செவ்வாய்

139. ஆறு மேகசினிலும் முப்பது முப்பதாக நிரப்பி அலமாரியில் வைத்தேன். காகிதத்தில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி ரப்பர் பேண்டு போட்டேன். பெயின்டால் எண் எழுதுவது பூஜைக்குப் பிறகுதான். புதிதாக வந்த எதற்கும் ஆயுத பூஜையில் குங்குமம் படாமல் எண் போடுவதில்லை என்பது எங்கள் கிடங்கின் வழக்கம். யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. நானும் மாற்றவில்லை.

செப்டம்பர் 20, செவ்வாய்

144.

ஐந்து மேகசின் நன்றாக ஓடின. ஆறாம் நம்பர் மூன்றாவது ரவுண்டோடு நின்றது. காலி செய்து, மறுபடி நிரப்பி அப்போதே சுட்டேன். முப்பதும் போயின. எனக்கே என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி நிரப்பி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, வியாழன்

குணசீலனுக்கு ஸ்பெஷல் டீமில் இடம் வேண்டுமாம். ரவியைப் பிடித்தால் ஏட்டாகப் பதவி உயர்வு கிடைக்கும் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். வேதவல்லி மூன்று நாளாகச் சோற்றோடு சேர்த்து இதையும் பரிமாறுகிறாள்.

"ஒங்க கிட்ட கேக்காம நான் யார் கிட்ட போயி கேப்பேன்? அவன் நாப்பத்தி நாலு வயசுலயும் கான்ஸ்டபிளாவே கீறான். ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?"

போய்ச் சொன்னேன். புகழேந்தி ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் மச்சானா? அந்தத் தண்ணி பாட்டில் பார்ட்டி தானே? சரி வரட்டும். தாகம் எடுத்தா ஒதவுவான்."

குணசீலன் மாலையில் ஒரு கிலோ சாத்துக்குடியோடு வந்து என் காலில் விழுந்தான். சாத்துக்குடி எனக்கு ஆகாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன.

செப்டம்பர் 27, செவ்வாய்

133. நல்ல எண்.

ஆறாம் நம்பர் மறுபடி மூன்றாவது ரவுண்டில் நின்றது. இந்த முறை பிடித்துவிட்டேன். ரவுண்டைப் பிடித்து நிறுத்தும் மேல்வாய் நல்ல பிளாஸ்டிக் இல்லை. ஐந்தாறு நாள் நிரம்பியே இருந்தால் நூல் அளவு விரிகிறது. காலியாக ஒரு நாள் கிடந்தால் பழையபடி சுருங்கிக்கொள்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எந்த நிபுணனிடம் கொடுத்தாலும், நிரப்பி உடனே சுட்டால் முப்பதும் போகும். இப்படி ஒரு பொய்யனை என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

ஒதுக்கிவிட வேண்டும். அப்படித்தான் இத்தனை வருடமும் செய்திருக்கிறேன்.

எஸ்.பி. ஐயாவுக்கு ஆறும் தேர்வு என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் ரேஞ்சில், எல்லார் முன்னாலும், புகழேந்தி ஐயாவின் கையில் மூன்றாவது ரவுண்டோடு பிஸ்டல் ஊமையாகி நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ரேஞ்சில்தான். வேறெங்கும் இல்லை. அவரே ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும் என்பதுதான் என் எண்ணம்.

வேதவல்லியின் சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை எடுத்துப்போய் ஆறாம் நம்பரின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். மிளகு அளவு. காகிதம் எப்போது வேண்டுமானாலும் கழன்றுவிடும், இது கழலாது.

செப்டம்பர் 28, புதன்

130. நகப்பூச்சு நன்றாகக் காய்ந்துவிட்டது. குப்பியைக் காணோம் என்று வேதவல்லி பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சந்தேகப்படுகிறாள்.

அக்டோபர் 4, செவ்வாய், ஆயுத பூஜை

பொரி சாப்பிட்டேன், சுண்டலும். நாளை எண் ஏறினால் ஏறட்டும்.

கிடங்கையே வெளியே கொண்டுவந்து சாமியானா போட்டு வைத்திருந்தோம். ரைஃபிள்கள் வரிசையாக, பிஸ்டல்கள் வாழையிலைமேல், மேகசின்கள் தாம்பாளத்தில். எஸ்.பி. ஐயா வருவதால் காகிதம், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றினேன். எனக்கென்ன, பொட்டு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவி நானே குங்குமம் வைத்தேன். ஆறாம் நம்பருக்கும். புகழேந்தி ஐயா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்தத் தாம்பாளத்தைத்தான் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்தியோடு நிற்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்டோபர் 5, புதன்

162.

சந்தனம் காய்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். மறுநாள் காலையிலேயே துடைத்து எண்ணெய் போட வேண்டும். அந்த வேலையை யாரிடமும் விட மாட்டேன். இன்று பார்த்து அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற முறை. பத்து மணிக்குக் கிடங்குக்குப் போனால் குணசீலன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணி, தாம்பாளத்தில் ஆறு மேகசின், புதுப் பெண்கள்போல.

"ஒங்களுக்கு ஒடம்பு முடியலன்னு அக்கா சொல்லிச்சு மாமா. அதான் நானே எல்லாத்தையும் தொடச்சுட்டேன்."

நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணுல மட்டும் குங்குமம் கெட்டியா ஒட்டிக்கிச்சு. மண்ணெண்ணெய்க்கும் வரல. பிளேடு போட்டுச் சொரண்டி எடுத்துட்டேன், கீறல் வுழாம."

உண்மைதான், கீறல் விழவில்லை. அத்தனை கவனமாகச் சுரண்டியிருக்கிறான். அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. "நல்ல வேலை பண்ணே" என்றேன். முகம் மலர்ந்து போனான்.

அக்டோபர் 6, வியாழன்

158. ஆறையும் நிரப்பி வைத்தேன். ஆறு நாளில் பொய்யன் தானே அகப்படுவான். கவலைப்பட ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8, சனி

180.

ஆறு நாள் கிடைக்கவில்லை. ரவி எல்லைப் பக்கம் ஒரு கல்குவாரியில் இருப்பதாகத் தகவல். டீம் உடனே கிளம்ப வேண்டும், கிடைக்கும்வரை திரும்பக் கூடாது என்று உத்தரவு. பதினொரு மணிக்கு ஆறு பேரும் கிடங்கு வாசலில்.

"ஒரு நாலு நாள் கொடுத்தீங்கன்னா ஐயா..." என்றேன்.

"எதுக்கு? நீதானே ஆறும் ஓகேன்னு கையெழுத்துப் போட்டே?"

ஆமாம், போட்டிருக்கிறேன். இப்போது ஒன்று சரியில்லை என்றால், எது என்பார். தெரியாது என்றால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

கட்டை விரலால் ஒவ்வொன்றின் மேல் ரவுண்டையும் அழுத்திப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடத்து விரல், பொய் சொல்லாது. ஒன்று மட்டும் முரடாக, அடம்பிடித்தது. அதுதான் என்று மனம் சொன்னது. அதை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். ஒன்று வெண்ணெய்போல வழுக்கி இறங்கியது. அதைக் குணசீலனுக்கு எடுத்து வைத்தேன். அவன் என் மனைவியின் தம்பி, அவனுக்கு நல்லதைக் கொடுப்பது என் கடமை.

"மாமா கையால வாங்கறேன்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அக்டோபர் 11, செவ்வாய்

194. மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. மனதில் ஏதாவது கவலையா என்று கேட்டார். ஓய்வு பெறப்போகிற கவலை என்றேன்.

மதியம் சாப்பிட உட்காரும்போது குணசீலனிடமிருந்து போன்.

"மாமா, சாப்டாச்சா? நாங்க குவாரி பக்கத்துல ஒரு ரைஸ் மில்லுல கெடக்கறோம். ஒரு சந்தேகம். மேகசின மூணு நாளா ஃபுல்லாவே வெச்சுக்கினு கீறோம். நடுவுல ஒரு தபா காலி பண்ணி வெக்கணுமா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் மாமா, ஐயாவும் கேக்கறாரு."

"சொல்லுய்யா ஏட்டு" என்று அந்தக் குரலும் கேட்டது.

நீள மேகசினை நாள் கணக்கில் நிரப்பியே வைக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்து அரை நாள் ஆறப்போட வேண்டும். புதிதாக வரும் யாருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். சொன்னால் ஆறு பேரும் காலி செய்வார்கள். அவரும் செய்வார்.

குணசீலனிடம் இருப்பது நல்லது. நானே அழுத்திப் பார்த்துக் கொடுத்தது.

ஒன்றும் ஆகாது என்றேன்.

"அவ்ளோதான், மாமா சொல்லிட்டாரு" என்று அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. மோர் சாதம் சாப்பிட்டேன். வேதவல்லி ஊறுகாயைத் தொடவிடவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

எண் பார்க்கவில்லை.

காலை ஆறரைக்கு ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் முன்வாசல், குணசீலன் பின்வாசல். ரவி பின்வாசல் வழியாகத்தான் அரிவாளோடு வந்திருக்கிறான். குணசீலன் எச்சரித்துவிட்டு மேலே இரண்டு ரவுண்டு சுட்டான். மூன்றாவதைக் காலைப் பார்த்துச் சுட்டான், தவறியது. நான்காவது வரவில்லை. பிஸ்டல் நின்றுவிட்டது. அதைக் குனிந்து பார்த்திருக்கிறான். அந்த நேரத்தில் வெட்டு விழுந்தது. வலது கை, மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் தள்ளி.

இரண்டாவது வெட்டு கழுத்துக்கு ஓங்கியபோது இன்ஸ்பெக்டர் ஓடிவந்து சுட்டார். ரவி அங்கேயே முடிந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் புகழேந்தி ஐயா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சட்டையெல்லாம் குணசீலனின் ரத்தம். "ஏட்டு, நீ கொடுத்த மேகசின்தான்யா ஒன் மச்சான் உசுரக் காப்பாத்துச்சு. பதினோரு ரவுண்டு அடிச்சேன். ஒண்ணு நிக்கல. ஒண்ணு கூட நிக்கல."

அக்டோபர் 15, சனி

241.

வழுக்கி இறங்கியதுதான் விரிந்துபோன வாய். பிடிமானம் இல்லாததால் வழுக்கியது. முரடாக இருந்தது புதுசின் இறுக்கம். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருக்கும். என் விரலுக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இதைத் தவிர வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை.

என் விரல் சரியாகச் சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் கையில் நின்றிருக்கும், குணசீலனின் கழுத்தும் போயிருக்கும். ஆகத் தப்பாகப் போனதுதான் அவனைப் பிழைக்கவைத்தது. இப்படி யோசித்தால் கொஞ்சம் சாப்பிட முடிகிறது.

கையை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 24, திங்கள், தீபாவளி

219.

வேதவல்லி ஆஸ்பத்திரிக்கே எண்ணெயும் சீயக்காயும் கொண்டுபோனாள். குளிப்பாட்டக் கூடாது என்று நர்ஸ் திட்டியதால், தம்பியின் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு அழுதாள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

குணசீலன் என்னைக் கூப்பிட்டான். "மாமா, ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு நான்தான் புடிய லூஸா புடிச்சிருப்பேன். பயம். ஒங்க கைக்குத் தப்பி ஒரு பொருள் கெட்டதா வெளிய போவாது. எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் இப்ப எதுக்குப் பேசிக்கினு. ரெஸ்ட் எடு."

"எல்லாரும் மேகசின் மேல சொல்றாங்க. நான் உட மாட்டேன். எங்க மாமா பாத்துக் கொடுத்ததுன்னு சொல்லிட்டேன்."

வெளியே வந்து லட்டு ஒன்று தின்றேன். சர்க்கரை வியாதிக்காரன் தின்னக் கூடாததுதான்.

நவம்பர் 2, புதன்

176.

ரேஞ்சில் விசாரணைச் சோதனை. டி.எஸ்.பி. ஐயா, இரண்டு அதிகாரிகள், நான். குணசீலனின் பிஸ்டலும் மேகசினும் சீல் வைத்த உறையில் இருந்து வந்தன. அன்றே காலி செய்துவிட்டார்களாம். பத்தொன்பது நாள் ஆறிக் கிடந்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் மேல்வாயைப் பார்த்தேன். ஒழுங்காகச் சுருங்கி, நல்ல பிள்ளையாக இருந்தது.

என்னையே நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். வேறொருவர் சுட்டார். முப்பதுக்கு முப்பது. இன்னொரு தடவை, மறுபடி முப்பது.

டி.எஸ்.பி. ஐயா தொப்பியைக் கழற்றினார். "புடி தளர்ந்தா நிக்குமா ஏட்டய்யா?"

"நிக்கும் ஐயா."

இதில் பொய் இல்லை. கை தளர்ந்தாலும் நிற்கும்தான். மேகசின் ரொம்ப நாள் நிரம்பியிருந்தால் நிற்குமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கேட்கவில்லை, அதனால் அந்த யோசனை வீண். காகிதத்தில் 'ஆயுதத்தில் குறைபாடு இல்லை' என்று அச்சடித்திருந்தார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 9, புதன்

165.

குணசீலனுக்குச் சார்ஜ் மெமோ. ஆயுதத்தைச் சரியாகக் கையாளாமல் அணியினர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக. மற்ற ஐந்து பேருக்கும் பதக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் அதை இடது கையால் நீட்டினான். இடது பக்கம் பேனா பிடித்து வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கோழி கிளறியதுபோல.

வேதவல்லி முதலில் அழுதாள். பிறகு கோபம் முழுக்கத் தம்பி மேல் திரும்பியது.

"இவரு போயி ஒருத்தர் கிட்ட வாயத் தொறந்து கேட்டு ஒனக்கு வாங்கிக் குடுத்தாரே, அந்த மானத்த வாங்கிட்டியேடா. ரிட்டையர்டு ஆவற நேரத்துல இவரு பேரும் இல்ல சேந்து நாறுது."

"மன்னிச்சுக்கோங்க மாமா" என்றான் குணசீலன்.

"பரவால்ல" என்றேன்.

ஒரு வேலை பாக்கி. சோதனை முடிந்து அந்த மேகசின் கிடங்குக்குத் திரும்பிவிட்டது. நிரப்பி அலமாரியில் வைத்தேன். தெரிந்துகொள்ளத்தான்.

நவம்பர் 17, வியாழன்

151. ரேஞ்சில் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்தேன். மூன்று ரவுண்டு. நின்றது.

துணிப்பையில் வைத்து எடுத்து வந்தேன். இந்தப் பையோடு டி.எஸ்.பி. ஆபீஸ் படியேறினால் குணசீலனின் மெமோ கிழிந்துவிடும். ஆபீஸ் வாசல்வரை நடந்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். சர்க்கரை இல்லாத டீ. ஓய்வுக்கு இன்னும் பதின்மூன்று நாள். இப்போது என்மேல் கேஸ் விழுந்தால் ஓய்வு கிடையாது, சஸ்பென்ஷன்தான். அறுபது வயதில் மறுபடி ஒரு மைதானச் சுற்று, இந்த முறை மாவட்டமே வேடிக்கை பார்க்க. குணசீலனுக்கோ மெமோ கிழிந்தாலும் கை வரப்போவதில்லை.

டீ நன்றாக இருந்தது. இன்னொன்று குடித்தேன்.

நவம்பர் 18, வெள்ளி

140. சேதமானது என்று எழுதி, சுத்தியலால் நான்கு அடி அடித்துப் பழைய இரும்புச் சாக்கில் போட்டேன். பிளாஸ்டிக் சுலபமாக உடைந்தது.

நவம்பர் 30, புதன்

126.

பிரிவு உபசார விழா. ரோஜா மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். புகழேந்தி ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டய்யாவ நான் ஒரு காலத்துல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். சபைல மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். எத்தனை மாதமாக நான் எதிர்பார்த்த வார்த்தை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். எஸ்.பி. ஐயா பேசும்போது, முப்பத்தைந்து வருடத்தில் தணிகாசலம் கையால் கொடுத்த ஒரு ஆயுதமும் பழுது என்று திரும்பியதில்லை, விசாரணையிலேயே அது நிரூபணமானது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் குணசீலன். அவனால் தட்ட முடியாது. இடது உள்ளங்கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 3, சனி

வெறும் வயிற்றில் 106. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். "இப்படியே கன்ட்ரோல்ல வெச்சுக்கோங்க" என்றார்.

குணசீலன் இடது கையால் எழுதப் பழகுகிறான். மெமோவுக்குப் பதிலை அவன் கைப்படவே எழுத வேண்டுமாம். நோட்டு தீர்ந்துவிட்டது, பழைய டைரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். எண் சரியாகிவிட்டது, இனி நானும் தினமும் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

டிசம்பர் 7, புதன்

என் பெயர் குணசீலன். இது இடது கை எழுத்து.

மாமா பென்ஷன் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அக்கா இந்த டைரியை எடுத்துக் கொடுத்தாள். சர்க்கரை டைரிதான், மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது, எழுதிப் பழகு என்றாள்.

பார்த்து எழுத ஒரு வரி வேண்டும் என்று முன்பக்கம் புரட்டினேன்.

காலையில் இருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றும் ஆகாது என்றேன்.

ஒன்றும் ஆகாது என்றேன்.

ஒன்றும் ஆகாது என்றேன்.

எழுத்து இப்போது கொஞ்சம் நேராக வருகிறது. மாமா வந்ததும் காட்ட வேண்டும்.